அப்பாவிடம் சொல்லாமல் மறைக்கலாமா?

நெல்வயல்:
அப்பாவுக்கு 71 வயது. கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுப்புண் என்றுதான் நினைத்தோம். எண்டோஸ்கோபி செய்து சதை எடுத்து அனுப்பினார்கள். திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது, இரைப்பையில் புற்றுநோய். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னையும் அண்ணனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் உடனே, "அவர்கிட்ட அல்சர்னே சொல்லிடுங்க சார், தாங்க மாட்டார்" என்றான். டாக்டர், "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அண்ணனுக்கு ஏகக் கோபம். வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்கிறான். வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும். ஃபைலைப் பீரோ மேல் ஒளித்து வைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?

பழையஏடு:
உங்கள் அண்ணன் சொல்வது. தயங்கவே வேண்டாம். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று வள்ளுவரே வழி விட்டிருக்கிறார். என் மாமனாருக்குக் குடலில் வந்தபோது மூலம் என்று சொல்லித்தான் வைத்தோம். ஏழு மாதம் இருந்தார். தை அறுப்புக்குக் களத்து மேட்டில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து மூட்டை எண்ணினார். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே படுக்கையில் விழுந்திருப்பார். டாக்டரின் வேலை நோயாளிக்கு நிம்மதி தருவது, அரிச்சந்திரன் வேஷம் கட்டுவது இல்லை.

தர்க்கம்77:
குறளை வளைக்காதீர்கள் ஐயா. ஒரு பொய்க்குக் கதவைத் திறந்தால் அப்புறம் சாத்த முடியாது. 1797இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் நண்பன் உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறான், கொலைகாரன் வாசலில் நின்று "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். அப்போதும் பொய் கூடாது என்பது கான்ட்டின் பதில். கேட்பவன் கெட்டவன் என்பதால் நீங்கள் உண்மைக்குப் பட்ட கடமை போய்விடாது.

பழையஏடு:
நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிற தத்துவத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

இரவுப்பணி:
நான் கீமோ வார்டில் நர்ஸ். கான்ட்டும் தெரியாது, குறளும் பள்ளிக்கூடத்தோடு சரி. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று நல்ல சிவப்பாக இருக்கும், ரோஸ் மில்க் மாதிரி. ஏறிய பிறகு சிறுநீரும் சிவக்கும். ஒரு அம்மாவுக்கு அதை ஏற்றிக்கொண்டிருந்தேன். "சத்து மருந்துன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்று மகன் முன்னாடியே காதில் போட்டிருந்தார். நானும் அப்படியே சொன்னேன். இரண்டாவது தடவை வரும்போது அந்த அம்மா தலையில் முக்காடு. ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சத்து மருந்துக்கு முடி கொட்டுமாம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "சரி விடு, என் பிள்ளைகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான்" என்றார்.

பழையஏடு ஐயா, உங்கள் மாமனாருக்குத் தெரியாது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பழையஏடு:
இதற்கு நான் என்ன சொல்ல? அவர் கேட்டதே இல்லை.

உரைவழி:
கேட்காததும் தெரியாததும் ஒன்றா என்பது இருக்கட்டும். 292ஆம் குறளை எடுத்தீர்கள், பரிமேலழகர் உரையையும் எடுக்க வேண்டாமா? "புரைதீர்ந்த நன்மை" எது என்பதற்கு அவரே வரம்பு கட்டுகிறார். கேடோ சாக்காடோ நெருங்கி நிற்கிற ஓர் உயிர், அந்தப் பொய்யாலேயே அதிலிருந்து தப்பிப் பிழைக்க வேண்டும். தர்க்கம்77 சொன்ன வாசல் கொலைகாரனுக்கு இது அச்சாகப் பொருந்தும். அங்கே வள்ளுவர் பொய் சொல்லச் சொல்வார், கான்ட் மாட்டார். நெல்வயலின் அப்பாவுக்குப் பொருந்தாது. அல்சர் என்று சொன்னால் கட்டி கரையப் போவதில்லை. சொல்லாமல் இழுத்தடித்தால், வைத்தியத்துக்கு ஒத்துக்கொள்ளக்கூடியவர் "அல்சருக்கு எதற்கு ஆபரேஷன்?" என்று மறுத்துவிடலாம். அப்போது அந்தப் பொய்யே கேட்டைக் கொண்டுவரும்.

கறுப்புகோட்டு:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளில் நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் யாருக்குத் தெரிய வேண்டும் என்று வரும்போது நோயாளி, உறவினர் "அல்லது" பொறுப்பான நண்பர்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த "அல்லது"வில்தான் நம் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் குடியிருக்கின்றன.

சிகிச்சைக்குச் சம்மதம் என்று வந்தால் அந்த "அல்லது" நிற்காது. 2008இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு டெல்லி வழக்கு. 44 வயதுப் பெண். என்ன கோளாறு என்று வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராக் குழாயால் பார்க்கிற லேப்ராஸ்கோபிக்குத்தான் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, விவரம் தெரிந்த வயதுவந்தவருக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். டாக்டருக்குக் கட்டணமும் கிடையாது, நஷ்ட ஈடு வேறு 25,000 ரூபாய். ஆகவே அல்சர் என்று நம்புகிற ஒருவரிடம் இரைப்பை ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? உங்கள் டாக்டர் வீம்பு பிடிக்கவில்லை.

பழையஏடு:
கோர்ட்டுக்கு முன்னாலேயே வள்ளுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள். உற்றவன் என்கிற நோயாளி, தீர்ப்பான் என்கிற வைத்தியன், மருந்து, உழைச்செல்வான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவனும் நாலில் ஒருத்தன். குடும்பத்துக்கு அதில் பங்கு உண்டு.

உரைவழி:
உண்டு ஐயா. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் நிற்பவன் உற்றவன், கடைசியில் நிற்பவன் உழைச்செல்வான். நாம் கடைசி ஆளை முன்னால் கொண்டுவந்து, முதல் ஆளை வெளியே பெஞ்சில் உட்கார வைக்கிறோம்.

மழைக்குப்பின்:
எல்லாரும் உண்மைக்குக் கொடி பிடிப்பதால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவிடம் ஒரு டாக்டர் நேராகச் சொன்னார். ஊரெல்லாம் நடந்துபோகிற வராண்டா, கையில் செல்போன். "கேன்சர், நாலாவது ஸ்டேஜ், இனி பெருசா ஒண்ணும் பண்ண முடியாது." முப்பது வினாடி ஆகியிருக்காது. அம்மா அன்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார். ஐந்து வாரத்தில் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தர்க்கம்77:
மன்னிக்கவும் அக்கா. கான்ட்டை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும். மறைப்பதை நம் ஊர்ப் பாசம் என்று சொல்கிறார்கள். 1961இல் சிகாகோவில் 219 டாக்டர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே தங்கள் வழக்கம் என்றவர்கள் சுமார் 90 சதவீதம். 1979இல் அதே கேள்வித்தாளோடு அமெரிக்க டாக்டர்களிடம் மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். 18 வருஷத்தில் தலைகீழ். அமெரிக்கர்கள் அதற்குள் பாசம் விட்டுப் போனார்களா என்ன? இடையில் வைத்தியம் வளர்ந்தது, நோயாளியின் உரிமை என்ற பேச்சும் எழுந்தது.

இரவுப்பணி:
மழைக்குப்பின் அக்கா, உங்கள் அம்மாவுக்கு நடந்தது உண்மை சொன்னது இல்லை, உண்மையைத் தூக்கி எறிந்தது. எங்கள் வார்டில் ஒரு மூத்த டாக்டர் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். "உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்பார். அப்புறம், "எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல பிள்ளைங்ககிட்ட பேசிக்கவா?" நிறையப் பேர் "அவன்கிட்டயே சொல்லிடுங்க, எனக்கு எதுக்கு" என்பார்கள். அதோடு விட்டுவிடுவார். தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் அவர்கள் முடிவுதானே. நெல்வயல், அந்தக் கேள்வியை உங்கள் அப்பாவிடம் யாராவது கேட்டார்களா?

பழையஏடு:
இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். கேட்டுவிட்டு மறைப்பது வேறு. என் மாமனாரிடம் நாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தத் தை மாதம் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் பேசாமல்தான் இருந்திருப்பீர்கள்.

நெல்வயல்:
எல்லாருக்கும் நன்றி. முழுவதையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். டெல்லி வழக்கு வந்த இடத்தில் மட்டும் போனைத் தா என்று வாங்கி இரண்டு தடவை படித்தான். ஆஸ்பத்திரியை மாற்றவில்லை. நாளைக்கு அதே டாக்டர், டோக்கன் 14. நர்ஸ் சகோதரி சொன்ன கேள்வியை அப்பாவிடம் கேட்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு.

இப்போதுதான் ஃபைலைப் பையில் வைக்க பீரோ மேலிருந்து எடுத்தேன். திங்கட்கிழமை நான் அவசரத்தில் நாடாவைச் சும்மா ஒரு முடிச்சுப் போட்டு வீசியிருந்தேன். இப்போது அதில் இரட்டைச் சுருக்கு இருக்கிறது. சங்கத்து லெட்ஜர்களுக்கு அப்பா போடுகிற கட்டு.

கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று மட்டும் கேட்டார்.