எஸ்டி கார்டிலிருந்து ஒலி ஓடும்போது இடையிடையே வெட்டுகிறது: பஃபர் போதவில்லையா, கார்டு சரியில்லையா?

கேள்வி

வணக்கம். கண்காட்சி அரங்கில் பொத்தானை அழுத்தினால் காட்சிப் பொருளைப் பற்றி விளக்கம் சொல்லும் சிறு கருவி ஒன்றை எஸ்டிஎம்32எஃப்103சி8 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் செய்துகொண்டிருக்கிறேன். ஒலிக்கோப்புகள் 22,050 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் வடிவில் எஸ்டி கார்டில் இருக்கின்றன. ஃபேட்எஃப்எஸ் (கார்டிலுள்ள கோப்புகளைப் படிக்கும் நிரல் தொகுப்பு) வழியாக 512 பைட் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) இரண்டை மாறி மாறி நிரப்பி, டைமர் இன்டரப்டில் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றி ஒலி அலையை உருவாக்கும் முறை) மூலம் வெளியிடுகிறேன். கார்டை இணைக்கும் எஸ்பிஐ (தரவைப் பிட் பிட்டாக அனுப்பும் கம்பி இணைப்பு) கடிகாரம் 9 மெகாஹெர்ட்ஸ். அதே இணைப்பில் 128×160 வண்ணத் திரையும் உண்டு. எனக்கு வினாடிக்கு 44,100 பைட் வந்தால் போதும். இணைப்போ 11 லட்சம் பைட்டுக்கு மேல் கொடுக்கக்கூடியது. அப்படியிருந்தும் ஒழுங்கற்ற இடைவெளிகளில் ஒலி வெட்டுகிறது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் 'டிக்' என்று தனியாக ஒரு சத்தம் வருகிறது. கார்டை மாற்ற வேண்டுமா, அல்லது வேறு வகை நினைவகத்துக்கே போக வேண்டுமா?

மறுமொழி 1

உங்கள் கணக்கு சரியானதுதான்; ஆனால் அது சராசரி வேகத்தின் கணக்கு. ஒலியை வெட்டுவது சராசரி அல்ல, இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே எப்போதாவது விழும் மிக நீண்ட தாமதம். 512 பைட் என்பது 256 மாதிரிகள் (ஒலி அலையின் தனித்தனி அளவீடுகள்), அதாவது 11.6 மில்லிவினாடி ஒலி மட்டுமே. எஸ்டி கார்டுக்குள் தனியே ஒரு கட்டுப்படுத்தி இருந்து உள்வேலைகளைப் பார்த்துக்கொள்வதால், ஒரு வாசிப்புக்கு 100 மில்லிவினாடி வரை காத்திருக்கத் தயாராக இருக்கும்படி எஸ்டி தரவரையறையே கூறுகிறது.

அதைவிட முதலில் நான் சந்தேகப்படுவது உங்கள் திரையை. 128×160 புள்ளிகளுக்கு, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் 40,960 பைட் ஆகிறது. 9 மெகாஹெர்ட்ஸில் அதை முழுதாக அனுப்ப 36 மில்லிவினாடி பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் கார்டை அணுகவே முடியாது. உங்கள் பஃபர் அதற்குள் மூன்று முறை காலியாகியிருக்கும். இந்தச் சிப்பில் எஸ்பிஐ இரண்டு இருப்பதால், திரையை இரண்டாவதற்கு மாற்றி, டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் வசதி) மூலம் அனுப்புங்கள். அது இயலாவிட்டால் பத்துப் பத்து வரிகளாக வரைந்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பஃபரைப் பார்த்து நிரப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போகலாம்.

பஃபரைப் பொறுத்தவரை, 20 கிலோபைட் ரேமில் 8 கிலோபைட்டை இதற்குத் தாராளமாக ஒதுக்கலாம். அதை இரண்டு பாதியாகப் பிரித்தால் தாங்கும் நேரம் 93 மில்லிவினாடிதான். 512 பைட் செக்டார் 16 கொண்ட வட்டப் பஃபராக (கடைசி இடம் முடிந்ததும் முதலிடத்துக்குத் திரும்புவது) வைத்து, ஒரு செக்டார் காலியானவுடனே நிரப்பினால், மீதி 15 செக்டாரில் 174 மில்லிவினாடி ஒலி கையிருப்பில் இருக்கும். அதே ரேம்தான், பாதுகாப்பு ஏறத்தாழ இருமடங்கு.

கார்டை மாற்றும் முன் அளந்து பாருங்கள். படிக்கும் அழைப்புக்கு முன் ஒரு பின்னை உயர்த்தி, முடிந்ததும் இறக்கி, லாஜிக் அனலைசரில் (சிக்னல்களின் நேரத்தைப் பதிவுசெய்யும் கருவி) மிக நீண்ட துடிப்பு எது என்று தேடினால் குறை எங்கே என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி 2

தொடக்கத்தில் கேட்கும் சத்தம் வேறு விஷயம். வேவ் கோப்பின் தலைப்பையும் (ஒலிக்கு முன் வரும் விவரப் பகுதி) சேர்த்து ஒலியாக இயக்குகிறீர்களா என்று பாருங்கள். தலைப்பு 44 பைட்தான் என்று நம்பித் தாண்டுவதும் ஆபத்து: பல எடிட்டர்கள் பெயர், தேதி போன்ற விவரங்களை இடையில் செருகுவதால், 'டேட்டா' என்ற பகுதியைத் தேடியே தொடங்க வேண்டும்.

ஆனால் அந்த இடத்துக்கு நகர்ந்து அங்கிருந்து 512 பைட்டாகப் படிக்காதீர்கள். செக்டார் எல்லையிலிருந்து படித்தால் ஃபேட்எஃப்எஸ் நேராக உங்கள் பஃபரிலேயே தரவைப் போடும். எல்லை தவறினால் ஒவ்வொரு முறையும் தன் உள் பஃபர் வழியாக நகலெடுக்கும். முதல் செக்டாரை முழுதாகப் படித்து, இயக்கும் சுட்டியை மட்டும் டேட்டா தொடங்கும் பைட்டில் வையுங்கள். மேலும், ஓய்வு நிலையில் பிடபிள்யூஎம் சுழியத்தில் நிற்காமல் நடு மதிப்பில் நிற்க வேண்டும். இல்லையெனில் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒலிபெருக்கி ஒரு முறை குதிக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. திரையைத் தனி இணைப்புக்கு மாற்றியதுமே பெரும்பாலான வெட்டுகள் நின்றுவிட்டன. வட்டப் பஃபருக்குப் பின் எந்த வெட்டும் கேட்கவில்லை. தொடக்கச் சத்தத்துக்கும் தலைப்புதான் காரணம். இருந்தாலும் அரங்கில் பலர் கை படும் கருவியில் கார்டு கழன்றுவிடுமோ என்ற கவலை இருக்கிறது. மொத்தம் 12 விளக்கங்கள், ஒவ்வொன்றும் சுமார் 40 வினாடி. இவை டபிள்யூ25கியூ64 ஃபிளாஷ் சிப்பில் அடங்குமா?

மறுமொழி 3

இப்போதுள்ள வடிவில் அடங்காது: 480 வினாடிக்கு 2 கோடியே 11 லட்சம் பைட் வேண்டும், அந்தச் சிப்பில் இருப்பது 8 மெகாபைட், அதாவது 190 வினாடி. ஐஎம்ஏ ஏடிபிசிஎம் என்ற ஒலிச் சுருக்க முறையில் மாதிரிக்கு 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 53 லட்சம் பைட்டில் முடிந்துவிடும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளமாகப் போதும். விரிப்பதற்குத் தேவையானது ஒரு சிறு அட்டவணையும் சில கூட்டல்களும்தான் என்பதால் 72 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது சுமையே அல்ல.

அடிக்கடி மாறாத ஒலிகளுக்குப் பலகையிலேயே பற்றவைத்த சிப்தான் என் தேர்வு. கோப்பு முறைமை தேவையில்லை: முதல் 4 கிலோபைட்டில் ஒவ்வொரு விளக்கத்தின் தொடக்க முகவரியையும் நீளத்தையும் எழுதி வைத்தால் போதும். படிக்கும் கட்டளையையும் மூன்று பைட் முகவரியையும் அனுப்பியவுடன் தரவு தொடர்ந்து வரும். கார்டில் உள்ளதுபோல் கணிக்க முடியாத காத்திருப்பு இல்லை.

கவனிக்க வேண்டியது எழுதும்போதுதான். எழுதுமுன் 4 கிலோபைட் செக்டாராக அழிக்க வேண்டும். எழுதுவது 256 பைட் பக்கமாக. பக்கத்தின் எல்லையைத் தாண்டி எழுதினால் தரவு அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி முன்பு எழுதியதைக் கெடுத்துவிடும். அழிக்கும் வேலை சில நூறு மில்லிவினாடி வரை நீளலாம். அதுவரை சிப் எதையும் படிக்கக் கொடுக்காது. ஆகவே பொத்தானை எத்தனை முறை அழுத்தினார்கள் என்பது போன்ற பதிவுகளை அதே சிப்பில் சேமிக்க நினைத்தால், ஒலி ஓடாத நேரத்தில் மட்டும் எழுதுங்கள்.