பிட்காயின் ஆய்வகச் சோதனை: அனுப்பிய நோடு ஏன் இவ்வளவு எளிதாகச் சிக்குகிறது?

வலைக்கண்ணி:
முதுகலை ஆய்வுக்காக ஒரே கணினியில், டாக்கரில் (ஒவ்வொன்றும் தனிக் கண்டெய்னரில்) 40 பிட்காயின் கோர் நோடுகள் (பிட்காயின் வலையில் இணையும் மென்பொருள்) ரெக்டெஸ்டில், அதாவது தனிச் சோதனை வலையில், ஓடுகின்றன. உளவு நோடு ஒன்று எல்லாவற்றோடும் இணைந்து, பரிவர்த்தனையை முதலில் அறிவிக்கும் நோடே அதை உருவாக்கியது என்று கணிக்கிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் கணிப்பு சரியாகவே வருகிறது, அதுதான் சந்தேகம். நெட்டெம் (செயற்கைத் தாமதம் சேர்க்கும் லினக்ஸ் கருவி) வைத்து எல்லா இணைப்புக்கும் 100 மில்லிவினாடி தாமதம் கொடுத்தும் மாற்றமில்லை. எங்கே தவறு?

கரையான்64:
கான்ஃபிக் கோப்பில் வொயிட்லிஸ்ட் வரி (குறிப்பிட்ட முகவரிகளுக்குச் சிறப்பு அனுமதி தருவது) இருக்கிறதா? கோரின் சோதனைத் தொகுப்பைப் பார்த்து எழுதியதென்றால் அதில் நோபேன் அனுமதி இருக்கும். தடை விழாமல் காக்கத்தானே என்று பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த அனுமதி பெற்ற இணைப்புக்கு அறிவிப்பு காத்திருக்காமல் உடனே போய்விடும்.

அது இல்லாவிட்டால் வெளிச்செல்லும் இணைப்புக்குச் (நோடு தானே தொடங்கியது) சராசரி 2 வினாடி, உள்வரும் இணைப்புக்குச் (எதிர்முனை தொடங்கியது) சராசரி 5 வினாடி எனத் தற்செயல் தாமதம் உண்டு. வொயிட்லிஸ்ட் இயல்பாக உள்வரும் இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். ஆக உள்ளே வந்து இணையும் உளவு நோடுக்கு உடனடிச் சேதி, வெளிச்செல்லும் இணைப்புகளுக்குச் சராசரி 2 வினாடி. இதில் 100 மில்லிவினாடி எந்த மூலைக்கு? அதுவும் எல்லா வழிக்கும் ஒரே அளவு கூட்டினால் நேர்வழிதான் முந்தும்.

உளவு இணைப்பை இருபதாகப் பெருக்கினாலும் பெரிய லாபமில்லை. ஒரே நெட்வொர்க்கிலிருந்து உள்வரும் இணைப்புகளுக்கெல்லாம் நோடு ஒரே டைமரைத்தான் வைத்திருக்கிறது.

வலைக்கண்ணி:
அந்த வரியேதான். எடுத்ததும் கணிப்பு சரிந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்துக் கண்டெய்னர்களை மறுபடி கிளப்பினால் பரிவர்த்தனை எங்கும் பரவுவதில்லை.

துறைமுகம்:
கடைசி பிளாக் 24 மணி நேரத்துக்கு மேல் பழையது. அதனால் நோடு தன்னை இன்னும் ஆரம்பத் தரவிறக்கத்தில் இருப்பதாக நினைத்து, பரிவர்த்தனை அறிவிப்புகளைக் கண்டுகொள்ளாது. கிளப்பியதும் ஒரு பிளாக் மைன் செய்யுங்கள். புதிய செயின் என்றால் 101 வேண்டும், அதற்குக் குறைந்தால் காயின்பேஸை (பிளாக் மைன் செய்ததற்கான வெகுமதி) செலவழிக்க முடியாது.

கனெக்ட் ஆப்ஷன் (சொன்ன நோடுகளோடு மட்டும் இணைவது) போட்ட நோடு தானாகவே லிசன் செய்வதை (உள்வரும் இணைப்பை ஏற்பதை) நிறுத்திவிடும். லிசனை 1 என்று தனியாக எழுதுங்கள். அளப்பது இன்வ் செய்தி (பரிவர்த்தனை இருப்பதாகச் சொல்லும் அறிவிப்பு) வந்த நேரமாக இருக்கட்டும், முழுப் பரிவர்த்தனை வந்த நேரம் வேண்டாம். உள்வரும் இணைப்பு அறிவித்தால் நோடு அதைக் கேட்டு வாங்கவே 2 வினாடி தள்ளிப்போடும். டிபக் நெட், லாக்டைம்மைக்ரோஸ் ஆப்ஷன்கள் இரண்டையும் போட்டால் லாகில் வேண்டியது கிடைக்கும்.

கரையான்64:
இன்னொன்று: உங்கள் அமைப்பில் எல்லா நோடும் உள்வரும் இணைப்பை ஏற்கிறது. NAT-க்குப் பின்னால் (வீட்டு ரவுட்டர் போல ஒரே பொது ஐபியைப் பகிரும் அமைப்பில்) இருப்பவை பொதுவாக ஏற்காது, உளவு நோடு அவற்றை நேரடியாகத் தொட முடியாது. ஆய்வாளர் பிர்யுகோவின் குழு 2014இல் அவற்றை அவற்றின் 8 வெளி இணைப்புகளின் தொகுப்பை வைத்து அடையாளம் கண்டது. பாதி நோடுகளிலாவது லிசனை அணைத்து அந்த முறையையும் ஓட்டிப் பாருங்கள்.

மெயின்நெட்டுக்கு (உண்மையான பிட்காயின் வலைக்கு) போவதானால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. ஐபி முகவரியை வெறும் ஹாஷாக (ஒருவழிக் குறியீடாக) சேமிக்காதீர்கள். ஐபிவி4 மொத்தமே சுமார் 430 கோடி, ஒரு ஜிபியு எல்லாவற்றையும் சட்டென ஹாஷ் செய்து பொருத்திவிடும். ரகசியச் சாவியோடு எச்மேக் (சாவி சேர்த்த ஹாஷ்) போட்டு, தரவு சேகரித்து முடிந்ததும் சாவியை அழித்துவிடுங்கள்.