புதுப்பிப்பு: படிக்கட்டாக மாறும் நூலக நாற்காலியின் ஆட்டம் நின்றது

முன்பக்கமாகக் கவிழ்த்தால் நான்கு படிகளாக மாறும் என் பழைய மகோகனி நூலக நாற்காலி ஆடுவதைப் பற்றிச் சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கீல்களின் திருகுகளை இறுக்கிப் பார்த்தேன், பயனில்லை. குறை மூட்டுகளின் பசையில்தான் இருக்கும் என்ற யோசனையே சரியாக இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றி வைத்ததும் பழைய விலங்குப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) இளகிவிட்டது. அதை முழுவதும் துடைத்து, உலர விட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் சுமார் 60 பாகை செல்சியஸில் உருக்கிய அதே வகைப் பசையைப் பூசி, ஒரு நாள் இறுக்கிக் கட்டி வைத்தேன். விலங்குப் பசையிட்ட மூட்டைப் பின்னாளில் மீண்டும் பிரிக்க முடியும் என்பதால், எபாக்சி என்ற செயற்கைப் பசையைத் தவிர்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராத ஒன்று: இருக்கைச் சட்டத்தின் உட்புறத்தில் உளியால் வெட்டிய ரோமன் எண் தென்பட்டது. ஒரே மாதிரியான நாற்காலிகளின் உறுப்புகள் கலந்துவிடாதிருக்கத் தச்சர்கள் இட்டுவந்த குறி அது. வடிவம், லண்டனின் மோர்கன் அண்ட் சாண்டர்ஸ் நிறுவனத்தின் நாற்காலியாக பதிப்பாளர் ஆக்கர்மன் 1811இல் தம் மாத இதழில் வெளியிட்ட படத்தோடு ஒத்துப்போகிறது; ஆயினும் முத்திரை ஏதும் இல்லாததால், அவர்கள் செய்தது என்று சொல்ல மாட்டேன்.