சஸ்காச்சுவான் நாமினேஷனில் வந்தோம், ஒன்டாரியோ போகலாமா?

எல்லாருக்கும் வணக்கம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண நாமினேஷனில் (மாகாணமே நம்மைப் பரிந்துரைப்பது) பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்து, போன அக்டோபரில் குடும்பத்தோடு அந்த மாகாணத்து ரெஜைனாவில் வந்து இறங்கினோம். இங்கேயே இருந்துவிடும் எண்ணத்தில்தான் வந்தோம். மூன்றாம் வாரமே எனக்கு வேலை, பையனுக்குப் பள்ளிக்கூடம். மைனஸ் 35-இல் ராத்திரி கார் எஞ்சின் ஹீட்டருக்கு ஒயர் செருகிவிட்டுத் தூங்குவதுகூடப் பழகிவிட்டது. எட்டாவது மாதம் கம்பெனியில் ஆட்குறைப்பு. என் பெயரும் அதில்.

அப்புறம் இங்கே அறுபது இடத்துக்கு மேல் விண்ணப்பித்தேன். இரண்டே நேர்காணல். இப்போது ஒன்டாரியோவின் மிஸிசாகாவில் ஒரு வேலை கைக்கு வந்திருக்கிறது.

பிஆரைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவுக்குள் இருக்க வேண்டும், எந்த மாகாணமானாலும் சரி என்பது தெரியும். பிஆர் உள்ளவர் எந்த மாகாணத்திலும் போய் வாழலாம், வேலை பார்க்கலாம் என்று கனடாவின் உரிமைச் சாசனத்தின் 6-ஆம் பிரிவு சொல்வதும் தெரியும். என் பயம் வேறு. 'இங்கேதான் குடியிருப்பேன்' என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டோமே, அது பொய் என்று பின்னால் கிளப்பினால்? பொய்த் தகவல் என்று முடிவானால் பிஆர் போவதோடு ஐந்து வருடத் தடை வேறு. (மாமா ஒருவர் போனில் "நாமினேட் செய்த மாகாணத்தில் இரண்டு வருடம் கட்டாயம்" என்கிறார், எந்தச் சட்டம் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.)

இப்படி மாகாணம் மாறியவர்கள் சொல்லுங்கள்: பிஆர் கார்டு புதுப்பிக்கும்போதோ குடியுரிமைக்குப் போட்டபோதோ இதைக் கேட்டார்களா? வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஆட்குறைப்புக் கடிதம், வேலை கேட்டு அனுப்பிய மெயில்கள் எல்லாம் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். வேறென்ன சேர்க்கலாம்? வரும் 15-ஆம் தேதிக்குள் மிஸிசாகா கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.