கார் ஷெட்: கலர் ஷீட்டா, பஃப் பேனலா, ரெடிமேட் சிமென்ட் சுவரா? போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மடிப்பாக்கம்:
வீட்டு முன்னால் 10-க்கு 18 அடி இடம் இருக்கிறது. மேஸ்திரி, சென்ட்ரிங், க்யூரிங் என்று மாதக்கணக்கில் இழுக்க விருப்பமில்லை, ரெடிமேடாகக் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போகிற கார் ஷெட்தான் வேண்டும். விசாரித்தால் ஒருவர் கலர் ஷீட் என்கிறார், ஒருவர் பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவில் ஃபோம் வைத்தது) போட்டால் வெயிலே தெரியாது என்கிறார். ரெடிமேட் காம்பவுண்டு சுவர் போடுகிற இன்னொருவர், மூன்று பக்கமும் சிமென்ட் ஸ்லாப் நிறுத்தி மேலே ஷீட் போட்டுத் தருகிறேன் என்கிறார். அவரவர் விற்பதுதான் அவரவருக்கு உசத்தி. சென்னையில் போட்டு நாலு மழைக்காலம் பார்த்தவர்கள் எழுதுங்கள். விலை நான் பேசிக்கொள்கிறேன். எது கெட்டது, எங்கே கெட்டது, அது தெரிந்தால் போதும்.

திருவான்மியூர்:
சார், மடிப்பாக்கத்துக்குக் கடல் கொஞ்சம் தள்ளி, அதனால் என் கதை உங்களுக்கு முழுசாகப் பொருந்தாது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். பழைய ஜி.ஐ. ஷீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு கால்வால்யூம் கலர் ஷீட்டுக்கு மாறினோம். ஜி.ஐ.யில் பூச்சு வெறும் துத்தநாகம், இதில் 55 சதவீதம் அலுமினியம், 43 சொச்சம் துத்தநாகம், மீதி சிலிக்கான். உப்புக்காற்றுக்கு ஜி.ஐ.யைவிட நன்றாகவே தாங்குகிறது, ஷீட்டின் நடுப்பகுதியில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை.

ஆனால் ஷீட்டைத் தாங்குகிற பைப் சாதாரண எம்.எஸ். (பூச்சில்லாத இரும்பு) பாக்ஸ் பைப், ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே எனாமல், அவ்வளவுதான். பைப்பின் மேல்வாயை மூடாமல் விட்டுப் போயிருக்கிறார்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளுக்குள் அரித்திருக்கிறது. காலடியில் ஒரு இடம் லேசாக உப்பியிருந்தது, என்னடா இது என்று ஸ்க்ரூடிரைவரின் முனையால் தட்டினேன், அப்பளம் மாதிரி பொத்துக்கொண்டு பழுப்புத் தண்ணீர் வடிந்தது. பெயின்டைத் தவிர அங்கே இரும்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

அதனால் ஷீட்டை விடுங்கள், பைப்பைக் கேளுங்கள் என்பேன். பைப்பை அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, பிளேட் வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுப்பது) செய்து கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். முதலில் ஜி.ஐ. பைப் வாங்கிவிட்டு அப்புறம் சைட்டில் வெல்டிங் வைத்தால், வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகும், கடலோரத்தில் துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். இன்னொன்று, பக்கத்துச் சுவருக்குப் பூச்சு பூசினபோது தெறித்த கலவையைத் துடைக்காமல் விட்டார்கள், ஷீட்டின் வெட்டின ஓரத்தில் அது பட்ட இடமெல்லாம் பூச்சு வெளுத்துவிட்டது. ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்துக்கு ஆகாது.

பள்ளிக்கரணை:
எங்களுடையது சிமென்ட் ஸ்லாப். எச் வடிவத் தூணை நட்டு, அதன் காடியில் ஒவ்வொரு ஸ்லாப்பாக மேலிருந்து இறக்குவார்கள். 6 அடி நீளம், 1 அடி உயரம், 2 இன்ச் கனம், ஒன்றே 65 கிலோவுக்கு மேல் வரும். கிரேன் நுழையாத சந்தில் இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பார்க்கவே பாவமாக இருந்தது. துரு கிடையாது, கரையான் கிடையாது, வண்டி இடித்தாலும் ஒரு ஸ்லாப்பை மட்டும் மாற்றினால் போதும். அந்த மட்டில் சந்தோஷம்.

தொந்தரவு மண்ணில். சதுப்பு நிலத்தை ஒட்டின களிமண், கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஒன்றரை அடி மட்டும் தோண்டித் தூணை நட்டிருந்தார்கள், இரண்டாவது மழைக்கே மூலைத்தூண் சாய்ந்து காடியிலிருந்து ஸ்லாப் பிதுங்கிக்கொண்டு வந்தது. அப்புறம் ஆழமாகத் தோண்டி, அடியில் அகலமாக கான்கிரீட் போட்டு நிறுத்தினோம், இன்றுவரை அசையவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஏரியாவில் கார்கள் மிதந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீருக்கு எந்த ஷெட்டும் தடுப்பு இல்லை, காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வழி. ஸ்லாப் சுவர் போடுவதானால் கீழ் வரிசையில் தண்ணீர் போகிற ஓட்டை கண்டிப்பாக விடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இரண்டடித் தண்ணீர் நின்று மறுபக்கம் காலியாக இருந்தால் சுவர் தாங்காது.

அண்ணா நகர்:
பஃப் பேனல், 50 எம்.எம். மே மாதம் மதியம்கூட உள்ளே கையை வைக்க முடிகிறது, மழைச் சத்தம் இல்லை. ஆனால் ஓரத்தை மூடுகிற ஃப்ளாஷிங் ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்தது, அது வழியாகப் பெருச்சாளி நுழைந்து நடுவில் இருக்கிற ஃபோமைக் கடித்துக் குகையே கட்டிவிட்டது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, தட்டினால் மட்டும் சத்தம் வேறு மாதிரி கேட்கும். இப்போது எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறோம், ராத்திரி முழுக்க உள்ளே சார்ஜில் நிற்கிறது, அதனால் மாற்றும்போது ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) பேனல்தான். பஃப் தீப்பிடித்தால் புகை சாதாரணப் புகை இல்லை, ராக்வூல் எரியாது. திறந்த ஷெட் போடுகிறவருக்கு இந்தச் செலவே தேவையில்லை, நாலு பக்கமும் மூடினால்தான் இதற்கு அர்த்தம்.

அம்பத்தூர்:
ஃபேப்ரிகேஷன் என் தொழில், அதனால் என் சரக்கை விற்கிறேன் என்று நினைக்காதீர்கள். வர்தா புயல் வந்த மறுநாள், 2016 டிசம்பர் 13, போன் அடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் ஷீட் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

கணக்கைச் சொல்கிறேன். கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குத் தோராயமாக 150 கிலோ அழுத்தம். உங்கள் 10-க்கு 18 அடி கூரைக்கு இரண்டரை டன். அரை எம்.எம். ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 4, 5 கிலோ. மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தள்ளும், அதோடு வெளியே இருக்கிற காற்றும் உறிஞ்சும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். பிடித்து வைப்பது ஸ்க்ரூவும் ஆங்கர் போல்டும் மட்டும்தான். ஓரத்திலும் மூலையிலும் ஸ்க்ரூவை நெருக்கமாக அடிக்க வேண்டும், வாஷர் ஈ.பி.டி.எம். என்கிற வெயில் தாங்குகிற ரப்பராக இருக்க வேண்டும், சாதா ரப்பர் நம்ம வெயிலில் சீக்கிரமே வெடித்து ஒழுக ஆரம்பிக்கும். தூணின் அடியில் வருகிற பேஸ் பிளேட்டைத் தரையோடு வைக்காமல் முக்கால் அடி கான்கிரீட் பீடம் எழுப்பி அதன்மேல் வையுங்கள், காலடியில் தண்ணீர் நிற்காது.

ஷீட் வாங்கும்போது 0.50 என்பது பெயின்டோடு சேர்த்தா, இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிற கடை நிறைய.

மயிலாப்பூர்:
யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தென்னைமரம் இருக்கிற வீட்டில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். மட்டை விழுந்தே எங்களுடையது கீறிப்போனது, தேங்காய் வரைக்கும் போகவே இல்லை. அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். துருப்பிடிக்காது, தகரத்தைவிடச் சூடு கம்மி, எல்லாம் உண்மை, ஆனால் உடைந்தாலும் அறுத்தாலும் கிளம்புகிற தூசி நுரையீரலுக்குள் போய்விடும், எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் வரவைக்கும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மடிப்பாக்கம்:
எல்லாருக்கும் நன்றி. அம்பத்தூர் அண்ணா சொன்ன கணக்கைப் படித்ததும் மூன்று பக்கம் மூடுகிற யோசனையை விட்டுவிட்டேன். மேற்கு வெயில் அடிக்கிற பக்கம் மட்டும் ஸ்லாப், தூணுக்கு நல்ல ஆழத்தில் அஸ்திவாரம். மற்றபடி ஹாட் டிப் செய்த பைப், கால்வால்யூம் ஷீட். பஃப் வேண்டாம், பெருச்சாளிக்கு வீடு கட்டித் தர எனக்கு வசதியில்லை. கூரைத் தண்ணீர் தங்கள் பக்கம் விழுமா என்று பக்கத்து வீட்டு அக்கா இப்போதே கேட்டாயிற்று, அதனால் கூரை ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கிற கட்டர் போட்டு மழைநீர் சேகரிப்புக் குழிக்கு இறக்கப் போகிறேன். கட்டர் ஜி.ஐ.யா, பி.வி.சி.யா?

திருவான்மியூர்:
பி.வி.சி. போடுங்கள் சார், வெயிலுக்கு யு.வி. தாங்குகிற ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கிளாம்ப் இரண்டடிக்கு ஒன்று, இல்லாவிட்டால் நடுவில் தொங்கி எல்லாத் தண்ணீரும் அக்கா வீட்டுக்குத்தான் போகும்.