சுபயலாட் ராணி: வைராக்கியமா, வறட்டுப் பிடிவாதமா?

காளிகோவில் தெரு:
நம் பிள்ளைகளிடம் பர்மாவின் கடைசி ராணி சுபயலாட் யார் என்று கேட்டால் "சொந்தக்காரர்களையே கொன்ற ராணி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவின் தெற்கு வாசல் பக்கம், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாந்த் சமாதி இருக்கிற அதே வரிசையில்தான் அவருடைய சமாதியும் இருக்கிறது, தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1859-ல் மாண்டலே அரண்மனையில் பிறந்து, 19 வயதில் திபா மன்னரின் ராணியாகி, 26 நிறைவதற்குள் நாட்டையே இழந்து, இந்தியாவில் ரத்னகிரியில் 33 வருடம் வெள்ளைக்காரன் காவலில் கிடந்து, 1919-ல் ரங்கூனுக்குத் திரும்பி 1925-ல் இறந்தவர். இத்தனைக்குப் பிறகும் ரங்கூன் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஷிக்கோ (கைகூப்பித் தலை தாழ்த்தும் வணக்கம்) செய்தால்தான் பேச்சு. எல்லாம் போன பிறகும் நான் யார் என்பதை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று இருந்தாரே, அது நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

மோல்மீன் பேரன்:
வந்துவிட்டேன் அக்கா. 1879 பிப்ரவரியை மட்டும் ஏன் எழுதவில்லை? திபாவின் அப்பா மின்டோன் மன்னர் இறந்து ஐந்து மாதம் ஆகவில்லை, அதற்குள் அரச குடும்பத்தில் 80 பேர் அளவுக்குத் தீர்த்துக் கட்டினார்கள், அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. அப்புறம் 1885. தேக்கு வெட்டியதில் கணக்கு மறைத்தது என்று பம்பாய் பர்மா கம்பெனிக்கு 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள், சரி, நியாயம்தான் என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் அதையே சாக்காக வைத்துக் கெடு விதித்தபோது, மந்திரி கின்வுன் மின்ஜி பணிந்து போய்ப் பேசலாம் என்றார், ராணி போர் என்றார். நவம்பர் நடுவில் படை எல்லை தாண்டியது, 28-ம் தேதி மாண்டலே போயிற்று. மறுநாள் ராஜாவையும் ராணியையும் மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் ஒரு நாடு. இதில் என்ன வைராக்கியம் பாழாய்ப்போகிறது?

இன்செய்ன் வாத்தியார்:
தம்பி, நீங்கள் சொல்வது வெள்ளைக்காரன் எழுதிவைத்த கணக்கு. பல இளவரசர்களைத் தாண்டித் திபாவை அரியணையில் ஏற்றியதே சுபயலாட்டின் தாய் சின்பியூமாஷினும் மந்திரிகளும்தான், கொலைகள் நடந்தபோது கயிறு அவர்கள் கையில் இருந்தது என்பதைப் பல வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 19 வயதுப் பெண்ணுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நீங்கள் மெச்சுகிற அந்தக் கின்வுன் மின்ஜி பிறகு என்ன ஆனார்? வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்கி, 1897-ல் கவர்னர் சபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். அவர் ராஜதந்திரி, ராணி மட்டும் ராட்சசியா? இன்னொன்றும் இருக்கிறது. மாண்டலேயைப் பிடித்த படையில் மதராஸ் காலாட்படையும் வந்தது. நம் ஆட்களும் அந்தத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். ஏசுவதற்கு முன் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

தட்டோன் மருமகள்:
வாத்தியார் ஐயா, கொலை யார் செய்தது என்று நூறு வருடமாகப் பேசியாகிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது, சுபயலாட் பெற்ற அந்த நான்கு பெண்கள். இரண்டு பேர் அரண்மனையில் பிறந்தவர்கள், மூன்றாவது பெண் மதராஸில், நாலாவது ரத்னகிரியில். ராஜ வம்சத்து மாப்பிள்ளைதான் வேண்டும், கீழே இறங்க முடியாது என்று அவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மூத்தவளுக்கு முப்பது தாண்டிய பிறகு காது குத்து விழா! நம் வீட்டில் ஒரு வயதில் மாமன் மடியில் வைத்துச் செய்வதை நினைத்துப் பாருங்கள். ராஜ வம்சத்துப் பையன்களுக்கு ஏன் தட்டுப்பாடு வந்தது என்பதையும் மோல்மீன் தம்பி சொன்ன 1879-ல் போய்த் தேடலாம்.

கடைசியில் நடந்தது என்ன? மூத்தவள் வாசல் காவலாளி கோபாலிடம் மனதைக் கொடுத்தாள். அவனுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. 1906-ல் டுட்டு என்ற பெண் குழந்தை பிறந்தது. 1919-ல் ரங்கூன் வந்தும் மூத்தவளுக்கு இங்கே ஒட்டவில்லை, ரத்னகிரிக்கே திரும்பிப் போய் வறுமையில் 1947-ல் செத்தாள். டுட்டு வறட்டி தட்டிப் பிழைத்தாள், மின்டோன் மன்னரின் கொள்ளுப்பேத்தி. இரண்டாவது மகள் தான் விரும்பியவரைக் கட்டிக்கொள்ள வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது, தாய் மன்னிக்கவில்லை. "நான் யார் என்பதை விட்டுக்கொடுக்கமாட்டேன்" என்கிறீர்களே அக்கா, அந்தப் பில்லை யார் கட்டினார்கள் என்று பாருங்கள்.

1964-ல் கடையும் நிலமும் தேசியமயமாகி, கையில் இருந்த நகையைக்கூட விட்டுவிட்டு நம் சொந்தங்கள் கப்பல் ஏறினார்களே, அதில் என் பெரியப்பாவும் ஒருவர். பர்மா காலனியில் ஒற்றை அறை வீடு, ஆனால் சாகும்வரை "எனக்குப் பெகுவில் அரிசிக் கிடங்கு இருந்தது" என்பதுதான் பேச்சு. யாரிடமும் வேலைக்குப் போகவில்லை. பெரியம்மா சாயங்காலமானால் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டி போட்டார், முட்டைக்கோஸ் அரிந்து அரிந்து பெருவிரலில் காய்ப்பு விழுந்தது, அதில்தான் மூன்று பிள்ளைகளும் படித்தார்கள். பெரியப்பாவுக்கும் வைராக்கியம் இருந்தது, யார் இல்லை என்றது.

காளிகோவில் தெரு:
மருமகளே, பெண்கள் விஷயத்தில் நீ சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கைதியின் பிடிவாதமும் கிடங்கு முதலாளியின் பிடிவாதமும் ஒன்றா? 1916 டிசம்பரில் திபா இறந்தார். உடலை மாண்டலேக்குக் கொண்டுபோக விடுங்கள் என்று கேட்டார்கள், அரசாங்கம் விடவில்லை. ரத்னகிரியில் புதைக்கமாட்டேன் என்று ராணி இரண்டு வருடத்துக்கு மேல் பெட்டியை விட்டுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே 1912-ல் இறந்த தங்கை சுபயலேயின் உடலும் அப்படியே காத்திருந்தது. 1919 மார்ச்சில் அரசாங்கமே அவர் விருப்பத்துக்கு எதிராக இரண்டையும் ரத்னகிரியில் அடக்கம் செய்தது, அவர் அந்தச் சடங்குக்குப் போகவே இல்லை. கையில் படை இல்லை, பணம் இல்லை, போகமாட்டேன் என்பது ஒன்றுதான் மிச்சம். ஊர் இழந்தவர்களுக்கு அது புரியும்.

மோல்மீன் பேரன்:
இதில் மட்டும் அக்கா பக்கம் சாய்கிறேன், அதுவும் பாதிதான். வெள்ளைக்காரனுக்குத் தலை வணங்கவில்லை என்பது முழுசாகச் சரியில்லை, படிப்பணத்தைக் கூட்டிக்கொடு என்று மனு மேல் மனு போன வீடு அது, மாணிக்கத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுக் கடன் அடைத்த வீடு. அது குற்றமில்லை, சாப்பிட வேண்டுமே. ஆனால் சிலையாக நிறுத்தாதீர்கள்.

இன்செய்ன் வாத்தியார்:
சிலை வேண்டாம், சரி. எதிரும் பார்த்துவிடுவோம். ரங்கூனில் டில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜபர் 1862-ல் காவலிலேயே இறந்தார், கூட வந்த பேகம் ஜீனத் மஹல் இருபது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்து 1886-ல் இறந்தார். டில்லி ராஜாவை இங்கே கொண்டுவந்து வைத்தான், மாண்டலே ராஜாவை அங்கே கொண்டுபோய் வைத்தான். இரண்டு பேருக்கும் சொந்த மண் கிடைக்கவில்லை. சுபயலாட்டுக்காவது நாடு கிடைத்தது, மாண்டலே கிடைக்கவில்லை. இதில் தனி மனுஷியின் குணத்தைப் பிடித்துப் பாடம் எடுப்பதே எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

மோல்மீன் பேரன்:
ஐயா, பாடம் வேண்டும் என்றால் எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. நாலாவது இளவரசி. பிறந்ததே சிறையில், அரண்மனையைப் பார்த்ததே இல்லை, அப்படியும் குடும்பத்துக்கு நடந்த அநியாயத்துக்கு அரசாங்கத்திடம் எழுதிக் கணக்குக் கேட்டவர். ரங்கூனில் இருக்கவிடாமல் மோல்மீனுக்கு அனுப்பினார்கள், 1936-ல் இங்கேயே இறந்தார். ஷிக்கோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை, நேராகப் பேசினார். வைராக்கியம் என்றால் எனக்கு அவர்தான்.

காளிகோவில் தெரு:
நல்லது தம்பி. அந்த நாலாவது பெண்ணை வளர்த்தது யார் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.