புது வீட்டில் பூசணம்: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

புதுக்குடி: வணக்கம். நாங்கள் இங்கு வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. மழை பத்து நாளாக விடவில்லை. நேற்று அலமாரியைத் திறந்தபோது என் மனைவியின் பட்டுப்புடவையிலும் என் தோல் பையிலும் பூசணம் பூத்திருந்தது. தரையில் விரித்த மெத்தைக்கு அடியிலும் கரும்புள்ளிகள். எட்டு மாதக் குழந்தை இரவெல்லாம் இருமுகிறாள். வீட்டு நிர்வாகத்திடம் சொன்னால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று அலுவலக நண்பர் பயமுறுத்துகிறார். சொல்லாமல் நாங்களே வர்ணம் பூசிவிடலாமா?

லண்டன்வாசி: ஜன்னலைத் திறந்து வையுங்கள், தம்பி. ஈஸ்ட் ஹாமில் நான்கு பேர் ஒரே அறையில் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்து, ரேடியேட்டரின்மேல் ஈரத்துணி உலர்த்தி, மார்ச் மாதத்தில் சுவர் முழுக்கக் கறுத்துப்போனதை நான் அனுபவித்திருக்கிறேன். காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் திறந்தால் போதும்.

கோபே அக்கா: திறக்கவே கூடாது! அதுசரி, எந்த ஊர் என்றே அவர் சொல்லவில்லையே. எந்த மாடி, தரை பாயா பலகையா, கட்டடம் எவ்வளவு பழையது?

புதுக்குடி: மன்னிக்கவும், அக்கா. டோக்கியோ, நிஷிகசாய், இரண்டாம் மாடி. படுக்கையறையில் தத்தாமிப் பாய். கட்டடம் 2008-இல் கட்டியது. குளியலறைக் கூரையில் ஒரு மின்விசிறி ஓயாமல் இரைந்துகொண்டிருந்ததால் அதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நிஷிகசாய் பழையவர்: எங்கள் காலத்தில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்று ஒரு மாத வாடகையை அழுதோம். பெயர் நன்றிப்பணம், திரும்பி வராது. காசும் கொடுத்து நன்றியும் நாமே சொல்வது எந்த ஊர் நியாயம்?

லண்டன்வாசி: இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? எனக்கு வாய்த்த தரகர், சாவி தந்த நாளுக்குப் பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை.

கோபே அக்கா: புலம்பல் போதும், குழந்தை இருமுகிறாள். லண்டன்வாசி சொன்னது லண்டனுக்குச் சரி. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அது உள்ளே வந்து சூடானதும் வறண்டுவிடும். டோக்கியோவின் 'ட்சுயு' மழைக்காலம் சராசரியாக ஜூன் 7 முதல் ஜூலை 19 வரை நீள்கிறது. அப்போது வெளிக்காற்றே வெப்பமும் ஈரமுமாக இருப்பதால், ஜன்னலைத் திறப்பது ஈரத்தை அழைத்து உட்கார வைப்பதாகும்.

நீங்கள் நிறுத்திய விசிறிதான் முதல் குற்றவாளி. 2003 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகளில் 24 மணி நேரக் காற்றோட்டம் சட்டப்படி கட்டாயம். அதை இப்போதே ஓடவிடுங்கள். ஏசியை 'டொராய்' என்ற ஈரம் நீக்கும் நிலையில் வையுங்கள். நூறு யென் கடையில் ஈரமானி வாங்கி, அது 60 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தையைக் காலையில் எடுத்து நிறுத்தி, இரவில் 'சுனோகோ' மரச்சட்டத்தின்மேல் விரியுங்கள். தத்தாமியில் தண்ணீரோ குளோரின் மருந்தோ படக்கூடாது. எத்தனால் தெளித்து, பின்னல் போகும் திசையில் துடையுங்கள். குளோரின் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளுக்கு மட்டும். அமிலம் கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தால் அது நச்சுவாயுவாகும்.

வர்ணம் பூசாதீர்கள். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்று 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆனால் ஈரக்கசிவைத் தெரிவிக்காமலும் துடைக்காமலும் விட்டதால் பரவிய பூசணம், நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சக வழிகாட்டியின்படி உங்கள் கணக்கில் சேரும். நண்பர் பயப்படும் நஷ்டம் மறைத்தால்தான் வரும். படம் எடுத்து, தேதியிட்டு, எழுத்திலேயே இன்று தெரிவியுங்கள்.

குழந்தையை நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். டோக்கியோவின் 23 வட்டங்களிலும் காப்பீட்டுக்கு உட்பட்ட குழந்தை மருத்துவத்துக்குக் கட்டணமில்லை. அதற்கான மருத்துவ அட்டையைப் பெறாவிட்டால் வட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

புதுக்குடி: விசிறியைப் போட்டுவிட்டேன், அக்கா. நிர்வாகத்துக்குப் படங்களையும் அனுப்பிவிட்டேன். நாளை ஆள் வருவதாகப் பதில் வந்தது. குழந்தையைக் கூடத்துப் பலகைத் தரையில், சட்டத்தின்மேல் படுக்க வைக்கிறோம். பட்டுப்புடவையை என்ன செய்வது?

கோபே அக்கா: நனைக்காதீர்கள். மழை விட்ட நேரத்தில் பால்கனி நிழலில் மென்தூரிகையால் தட்டிவிட்டு, ஏசி ஓடும் அறையில் இரண்டு நாள் கொடியில் போடுங்கள். கறை தங்கினால் சலவைக்காரரிடம் கொடுங்கள். மறுபடி வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம். பழைய வேட்டியில் சுற்றுங்கள்.